மதகை மூடலாம், வாயை மூடலாமா?

அவைக்குத் தலைமை ஏற்று, ஐந்து நிமிடத்தில் முடியுங்கள் என்று கண்ணாலேயே எனக்குக் கட்டளையிடும் பாசனதாரர் சங்கத் தலைவர் நெடுமாறன் அவர்களே! ஜமாஅத்திலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! மேலத்தெருவின் மூத்தவர்களே! நாற்றங்கால் வேலையை முடித்த கையோடு, கால் சேறு காயும் முன்னே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னிடம் படித்து, இன்று எனக்கே கைப்பேசி சொல்லித்தரும் என் மாணவ மாணவியரே! அனைவருக்கும் என் அன்பும் வணக்கமும்.

முதலில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ள அனுமதியுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று பிழைத்துவிட்டது. யூனுஸ் பாயின் கடை திறந்திருக்கிறது. யார் மண்டையும் உடையவில்லை. இதைவிட நல்ல செய்தி ஓர் ஊருக்கு வேண்டுமா?

ஆனாலும் ஒரு தீர்மானம் நம் முன்னே இருக்கிறது. நம் வாய்க்கால் வாட்ஸ்அப் குழுவைப் பூட்டிவிட வேண்டுமாம். நிர்வாகிகள் மட்டும் எழுத, மற்றவர் படிக்க வேண்டுமாம். கடைமடைக் கனிமொழியைக் குழுவிலிருந்தே நீக்க வேண்டுமாம். என்ன, "ஆமாம்" என்கிறீர்களா? பொறுங்கள் தம்பி, கதையை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். நன்னிலத்திலிருந்து வந்திருக்கும் விருந்தினருக்காகச் சொல்கிறேன். மேலத்தெரு வைரக்கண்ணு காலமானார். சுடுகாடு வாய்க்காலுக்கு அக்கரையில். பாலம் இல்லை. வரும், வரும் என்கிறார்கள், சிரிக்காதீர்கள், வரும்! அதுவரை நம் ஊர் வழக்கம் என்ன? பாடை கடக்கும் நேரத்துக்கு மதகை இறக்கித் தண்ணீரை நிறுத்துவோம். மதகை ஒட்டிய வயல் யாருடையதோ, அவரே அதைச் செய்து தர வேண்டும். அந்த வயல் யூனுஸ் பாயுடையது. வைரக்கண்ணுவின் மகன் சாமிதுரை போய், "பாய், அப்பாவத் தூக்கணும்" என்றார். பாய் மறுபேச்சுப் பேசாமல் மதகை இறக்கினார்.

அந்த நேரத்தில்தான் திருவாரூர் பேருந்திலிருந்து இறங்கி வருகிறாள் கனிமொழி. கடைமடையில் அவள் நாற்று வாடிக் கிடக்கிறது. இங்கே மதகு அடைத்திருக்கிறது. மேலே யூனுஸ் பாயின் வயல் குளமாய் நிற்கிறது. சாவு நடந்தது அவளுக்குத் தெரியாது. படம் எடுத்தாள். "எங்க நாத்து காயுது, யூனுஸ் வயல்ல குளம் கட்டியிருக்கு" என்று எழுதிப் போட்டாள்.

அவள் எழுதியது ஒரு மனிதரின் பெயரை. அரைமணி நேரத்தில் பெயர் போய் மதம் வந்தது. ஒரு மணி நேரத்தில் "அவன் கடையில் வாங்காதே" என்று வந்தது. எழுதியவர்கள் யார்? வேற்று நாட்டாரா? வேற்று ஊராரா? நாம்தான்! அந்தப் படத்தைத் திருவாரூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவுக்கு, "கவனிக்கவும்" என்று தலைப்பிட்டு அனுப்பிய பெரிய மனிதர் யார்? இதோ, ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேனே, நானேதான்! முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன், ஒரு படத்தைத் திருத்திப் பார்க்கவில்லை.

நண்பகலில் பாயின் இரும்புக் கடை முன்னே இருபது பேர். உள்ளே பாயோடு அவர் மனைவி ரஹ்மத் பீவி அம்மா, ஷட்டரை இழுத்துவிட்டு, மகள் ஹஃப்ஸாவைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். அந்த வழியாகக் களை எடுத்துவிட்டு வந்த நீலாம்பாள் அக்கா, "என்னாடா கூட்டம்?" என்று ஒருவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் கேட்டார் பாருங்கள்:

"ஏம்ப்பா, நீங்கல்லாம் சோறுதான் திங்கிறீங்களா? இது நாத்தங்கால்டா. வெத தெளிச்சு ரெண்டு நாளான நாத்தங்கால்ல எவனாச்சும் தண்ணியக் கட்டுவானா? வெத பூரா மெதந்து ஒரு மூலைக்கு ஒதுங்கிடாது? இது திருடுன தண்ணி இல்ல. மதகு அடைச்சதால எதுத்து ஏறுன தண்ணி!"

தெரியாத செய்தியா அது? கைநாட்டு வைப்பவருக்கும் தெரியும், கல்லூரி போனவருக்கும் தெரியும். நெல்லோடு பிறந்தவர்கள் நாம். கோபம் வந்தால் நெல்லைக்கூட மறந்துவிடுகிறோம்!

அதற்குள் ஈரவேட்டியோடு சாமிதுரை ஓடிவந்தார். "எங்கப்பாவக் கடத்தத்தான்யா அடைச்சாரு. அவரு வெதைதான் போச்சு. அவரு கடைக்கா வந்து நிக்கிறீங்க?"

கனிமொழி வந்தாள். ஷட்டரைத் தூக்கி வெளியே வந்த பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா தங்கச்சி?"

"போட்டிருக்கணும்ணே" என்றாள். அங்கேயே நின்று, அதே குழுவில், தன் குரலிலேயே பிழையை ஒப்புக்கொண்டாள்.

அப்புறம்தான் இந்தத் தீர்மானம் எழுந்தது. இதை முதலில் எதிர்த்தவர் யார் தெரியுமா? சுடுசொல் சுமந்த யூனுஸ் பாய்! என்ன சொன்னார்? "போன வருசம் கரை உடைஞ்சப்ப, படம் போட்டு அதிகாரிய ஓடிவர வச்சது இந்தப் பொண்ணுதான் சார். நாம ஆம்பளைங்க எல்லாம் டீக்கடையில பேசிக்கிட்டிருந்தோம். இது வாய அடைச்சிட்டா, அடுத்த ஒடைப்ப யாரு சொல்லுவா?"

எண்ணிப் பாருங்கள் பெரியோரே! பேசும் உரிமை இல்லாத ஊரில் கரை உடைந்தால் யார் கூவுவார்? கேட்டறியும் பொறுப்பு இல்லாத ஊரில் கூவினால் யார் நம்புவார்? பள்ளிவாசல் தெருவும் மேலத்தெருவும் கடைமடையும் ஒரே வாய்க்காலில் குடிக்கிறோம். இங்கே ஒருவர் சொல், இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அதற்காகச் சொல்லாதிருக்க முடியுமா? சொல்லுங்கள், சொல்லுமுன் ஒருமுறை கேளுங்கள். தவறினால், தவறு போன இடமெல்லாம் திருத்தமும் போகட்டும். நானும் அந்த ஆசிரியர் குழுவுக்குத் திருத்தம் அனுப்பினேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் நான்கு பேர்தான் பதில் எழுதினார்கள். மற்றவர் மனத்தில் என்ன இருக்கிறதோ! ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை வரை முப்பத்தேழு பேர். பொறுப்பு என்பது இவ்வளவு அலுப்பான வேலைதான், ஐயா!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் இசைந்தால், வாக்கெடுப்பை இப்போதே வைத்துக்கொள்ளலாம். நன்றி, தலையசைத்துவிட்டார்.

குழுவைப் பூட்ட வேண்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள். ஒன்று... இரண்டு... மூன்று. தம்பி, உங்கள் கை? தலை சொறிந்தீர்களா? சரி, இரண்டுதான்.

பூட்ட வேண்டாம், கனிமொழி இருக்கட்டும் என்பவர்கள்?

ஆ! தாய்மார் பக்கம் முதலில் எழுந்த கையைப் பாருங்கள். அது ரஹ்மத் பீவி அம்மாவின் கை! அடுத்தது நீலாம்பாள் அக்கா. அதற்குப் பின்னே எண்ணத் தேவையில்லை. தீர்மானம் வீழ்ந்தது, ஊர் நிமிர்ந்தது!

கனிமொழி, கண்ணைத் துடைத்துக்கொள் அம்மா. கீழ்க்கரையில் நண்டு வளை விழுந்து கசிகிறதாம். காலையில் போய்ப் பார். பக்கத்து வயல்காரரைக் கேள். படம் எடு. தயங்காமல் போடு.

ஐந்து நிமிடம் கேட்டு அரைமணி எடுத்தவனைப் பொறுத்த தலைவருக்கும், கேட்டிருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. சலாம், வணக்கம். பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.