மூன்றாவது நகர்த்தல்

— அவ்வளவுதாம்மா. ரெண்டு ராஜா, ஆளுக்கொரு சிப்பாய். அதுவும் முட்டிக்கிட்டு நிக்குது. நாளைக்கு வரைக்கும் சுத்தினாலும் யாரும் யாரையும் ஒண்ணும் பண்ண முடியாது. டிரா.

— சரிப்பா. டிரா.

— கையக் குடு. ஆட்டம் முடிஞ்சா கை குடுக்கறதுதான் மரியாதை.

— இந்தாங்க. அப்பா, ஒண்ணு கேக்கவா? வெள்ளைக் காய் உங்களோடது. என்னிக்கும் குதிரையப் பலி குடுத்துட்டுப் பாயற ஆளு நீங்க. இன்னிக்கு மூணாவது நகர்த்தல்லயே சிப்பாய்க்குச் சிப்பாய் வெட்டி, பலகையவே ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல, கண்ணாடி பாத்த மாதிரி ஆக்கிட்டீங்க. சும்மா ஆடற ஆட்டத்துலகூட நீங்க இப்படித் தொடங்கினதில்லயே.

— வயசாச்சு. நாள் பூரா ஊசில நூல் கோத்துட்டு வந்தவன்கிட்டப் பாய்ச்சலக் கேட்டா எப்படி?

— பந்தயம் வச்சதே நீங்கதான். நீங்க ஜெயிச்சா, அவரக் கட்டிக்கிட்டு நான் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. நான் ஜெயிச்சா, பதிவு அலுவலகத்துக்கு நீங்களே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்.

— நம்ம தையக்கடையில காஜா எடுத்தவன் மகன். அவன் கல்யாணத்துக்கு நான் சாட்சி! மூணு தலைமுறையா கோட்டு தச்ச குடும்பம்மா இது.

— காஜா இல்லாத கோட்டுக்குப் பட்டன எங்கப்பா மாட்டுவீங்க?

— வாய் அப்படியே உங்கம்மா. சரி, நீ சொல்லு. நடுவுல என் ராணி அநாதையா நின்னுச்சு. உன் குதிரை ஒரு தாவு தாவியிருந்தா ராஜாவுக்குச் செக், ராணி உனக்கு. பாக்கலயா?

— பாத்தேன்.

— பாத்துட்டா விட்ட?

— தோத்துப் போய், தலையக் குனிஞ்சுக்கிட்டு நீங்க அங்க வந்து நிக்கறதப் பாக்க எனக்குத் தெம்பில்லப்பா. அதோட... அந்தக் கையெழுத்துக்கு இனிமே வேலையும் இல்ல. போன திங்கக்கிழமையே பதிவு பண்ணிட்டோம்.

— தெரியும்.

— தெரியுமா? எப்படிப்பா?

— உனக்குச் சாட்சி போட்டானே அந்தத் தபால்காரன், அன்னிக்குச் சாயங்காலமே வந்து எங்கிட்ட அழுதுட்டான். முப்பது வருஷமா என்கூட ஆடறவன், அவனால மறைக்க முடியுமா?

— தெரிஞ்சுகிட்டேதான் இன்னிக்குப் பலகைய விரிச்சீங்களா?

— வச்ச பந்தயத்துக்கு உக்காந்துதான ஆகணும்? தோக்க மனசு வரல. ஜெயிச்சிருந்தா, சொன்ன சொல்லுக்கு உன்ன வெளிய அனுப்பியிருக்கணுமேம்மா.