பட்டியலில் விடுபட்ட பன்னிரண்டாவது பெயர்

என் பெயர் ஆதில் யூல்தாஷேவ். தந்தை பெயர் மமசோலி. வயது 38. உஸ்பெகிஸ்தானில் குல்சோர் குடியிருப்பு, மூன்றாவது சந்தில் வசிக்கிறேன். தரைக்கு ஓடு பதிப்பது தொழில். மதம் என்னவென்று கேட்டீர்கள். கிறிஸ்தவன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

ரொட்டி சுடும் துர்சுன் எனக்கு ஏழு வயதிலிருந்து நண்பன். இயேசுவைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவனும் அவன்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனபோது, என் தாய் உயிரோடு இல்லாதபடியால், எங்கள் வழக்கப்படி பயணம் போகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டு, திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டிய ரொட்டியை அவன் வீட்டில்தான் கடித்தேன். மீதியை அவன் துணியில் கட்டிச் சுவரில் மாட்டினான். "டேய், மிச்சத்தத் திங்கறதுக்காவது உயிரோட வந்து சேரு. உன் எச்சில வேற எவனும் தொடமாட்டான்" என்றான்.

கடந்த மார்ச்சில் திரும்பினேன். வந்த மறுநாளே, துர்சுனைப் பார்க்கும் முன்பே, சாதாரண உடையில் வந்த அதிகாரி ஒருவர் என் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு என்னை அழைத்து, அரசு அனுமதி இல்லாமல் துர்சுன் வீட்டில் நடக்கும் ஞாயிறு ஜெபத்துக்கு வருகிறவர்கள் யார் யார் என்று கேட்டார். "சும்மா கூப்ட்டு எச்சரிச்சு விட்டுருவோம்யா" என்றார். அதை நம்பினேன் என்று சொன்னால் பொய். எனக்கு மறுபடி ரஷ்யா போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் ஊரை விட்டுப் போகுமுன் என்னோடு ஜெபித்தவர்களில், துர்சுன் உட்படப் பதினொரு பேரின் பெயர்களை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். என் பெயரை எழுதவில்லை.

அதன் பிறகு துர்சுன் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவன் சுவரில் மாட்டியிருந்த அந்த ரொட்டியை இறக்கினான். பல்வலி என்றேன். "ஏன்டா, ரஷ்யாக்காரி எவளாவது பல்லப் பேத்துட்டாளா?" என்று சிரித்துவிட்டு மறுபடி மாட்டினான். அதற்குப் பின் வந்த ஞாயிறுகளிலும் எனக்குப் பல்வலிதான்.

மே 14ஆம் தேதி பிற்பகல், சாப்பிட்டு முடித்து நாங்கள் ஜெபம் தொடங்கியபோது நான்கு காவலர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் கால் பட்டு விரிப்பிலிருந்த ரொட்டிகள் கவிழ்ந்தன; ரொட்டியைக் குப்புறக் கிடக்க விடுவது எங்களுக்குப் பாவம். துர்சுன் குனிந்து ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்த பிறகே எழுந்தான். அதன் பிறகு, அவர்களோடு வந்த அதிகாரி பட்டியலைப் படிக்க, பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சுவரோரம் நின்றார்கள். கடைசியில் சாப்பாட்டு விரிப்பின் முன் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். "உன் பேரு இதுல இல்லயே. கிளம்பு" என்றார். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். இப்படி ஆகும் என்று அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. துர்சுன் என்னிடமிருந்து கண்ணை எடுத்து, சுவரில் தொங்கிய துணி மூட்டையைப் பார்த்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினேன்.

மற்றவர்களை அபராதம் போட்டு விட்டுவிட்டு, துர்சுனுக்கு மட்டும் பதினைந்து நாள் காவல் விதித்தார்கள். நேற்று அவனுக்குச் சாப்பாடு கொடுக்கப் போன அவன் மனைவி குல்சாரா, அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. இதத் திங்காத வரைக்கும் நீங்க இன்னும் ஊரு வந்து சேரலையாம். நானா இருந்தா அடுப்புல போட்டிருப்பேன். ரொட்டியாச்சேன்னு கை வரல" என்றாள். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

ரொட்டி கல்லாக இருந்தது. என் பல் தடம் அப்படியே இருந்தது. தேநீரில் தோய்த்துத்தான் தின்ன முடிந்தது. தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தே ஆண்டவர் யூதாஸுக்கு அப்பத்தைத் தோய்த்துக் கொடுத்ததை நானும் துர்சுனும் சேர்ந்து படித்திருக்கிறோம். அதை வாங்கிக்கொண்டு யூதாஸ் வெளியே போனான். நானும் தின்று முடித்து வெளியே வந்தேன். வந்து சேர்ந்த இடம் இந்த நிலையம்.

அன்று அந்த வீட்டில் பன்னிரண்டு பேர் இருந்தோம். என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தால் கடவுச்சீட்டு திரும்பக் கிடைக்காது என்று சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன். என்னைத் துர்சுன் இருக்கும் அறையிலேயே வைக்கும்படி கேட்கிறேன். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. இம்முறை எதையும் விடவில்லை.

(ஒப்பம்) ஆதில் யூல்தாஷேவ்