பூவனநாதனுக்கு நான் கொடுத்த பயிற்சி

கோவில்பட்டியில் ‘கோச்’ என்றால் ஹாக்கி கோச் என்றுதான் நினைப்பார்கள், வக்கீல் சார். நான் வாசலில் போர்டு மாட்டிய புதிதில் இரண்டு பேர் தங்கள் பையன்களைச் சேர்த்துவிட வந்தார்கள். எனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

என் தொழில் வேறு. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் பர்சனல் ஆபீசராக இருந்து, இந்தத் தொழிலுக்கென்று ஒரு படிப்பும் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். மேனேஜர்களோடு தனியாக உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. இப்போதும் சொல்கிறேன், அது நல்ல வேலை. மேனேஜருக்கு மனசு விட்டுப் பேச ஆள் கிடையாது. முதலாளியிடம் தன் பயத்தைச் சொன்னால் லாயக்கில்லாதவன் என்பார். கீழே உள்ளவர்களிடம் சொன்னால் மதிப்புப் போகும். வீட்டில் சொன்னால் கலங்கிப்போவார்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒருவர் எதிரே இருந்து, புத்தி சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டால், அந்த மனுஷன் தன் வழியைத் தானே கண்டுபிடித்துவிடுவான்.

2001-ல் முதலாளி தங்கசாமி அண்ணாச்சி தன் தீப்பெட்டி ஆபீஸுக்கு, தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம், என்னைக் கூப்பிட்டார். “மேனேஜர் நல்ல பய. ஆனா வாயத் தொறக்க மாட்டான். அவன ஒரு ஆளாக்கி விடும்” என்றார்.

அப்படித்தான் பூவனநாதன் எனக்குப் பழக்கமானார். புதன்கிழமைதோறும் குடோனை ஒட்டிய அறையில் உட்காருவோம். முதலில் மழை இல்லாததையும் மிளகாய் விலையையும்தான் பேசினார். பிறகு ஒருநாள் சொன்னார். அவருக்கு மெல்லிய குரல். தீக்குச்சியைப் பெட்டியில் அடைக்கிற கொட்டகையில், அதைச் செட் என்பார்கள், பெண்கள் அந்தக் குரலில் பேசிக் காட்டிச் சிரிப்பார்களாம். கேட்டும் கேளாதவர் போலத் தாண்டிப் போய்விடுவாராம். சொர்ணத்தாய் என்கிற அம்மா மட்டும், “ஏட்டி, சும்மா கெடங்க. அவிய நமக்கு நல்லதுதான் செய்யுதாவ” என்று அதட்டுவாளாம். இதைப் பெண்டாட்டி முத்துசெல்வியிடம்கூடச் சொன்னதில்லை என்றார்.

சில மாதங்களில் ஆள் மாறினார். முதலாளி முன்னால் நிமிர்ந்து நின்று, செட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்டு வாங்கினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மற்ற ஆபீஸ்காரர்களும் என்னை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

மறு வருஷம் பின்வாசல் பேச்சு வந்தது. அந்தச் செட்டுக்கு இரண்டு வாசல். பின்வாசல் வழியாகப் பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் டீ குடிக்கவும் போய்வருவார்கள். அந்த வழியாகத் தீப்பெட்டிப் பண்டலும் திருட்டுப் போகிறது என்பது முதலாளியின் சந்தேகம்.

“முதலாளி அந்த வாசலப் பத்திச் சாடையாப் பேசுதாரு. பூட்ட முடியாதுன்னு நேராவே சொல்லிரலாம்னு இருக்கேன் அண்ணாச்சி” என்றார் பூவனநாதன். அவர் குரல் நடுங்கவில்லை. எத்தனையோ புதன்கிழமைகள் நாங்கள் பாடுபட்டது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

“பூட்டணும்னு அவர் வாயால சொன்னாரா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“சொல்லாததுக்கு முடியாதுன்னு போய் நின்னா, உங்களப் பத்தி என்ன நினைப்பாரு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“செட்டுல உள்ளவங்க சிரிக்காங்கன்னு சொன்னீங்களே. அந்தச் சிரிப்பு எப்ப நிக்கும்னு நினைக்கீங்க?”

அவர் முகம் சிவந்துவிட்டது. பூட்டு என்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவரே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி, தன் கையால் மாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று அடுத்த புதன்கிழமை சொன்னார். பாராட்டினேன்.

பங்குனியில் அது நடந்தது. பெட்டிக்குள் திணிக்கும்போது குச்சி உரசிப் பற்றுவது உண்டு, ஈரச்சாக்கைப் போட்டு அணைத்துவிடுவார்கள். அன்றைக்கு முன்வாசல் பக்கம் அடுக்கியிருந்த பண்டலில் தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் பின்வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். பூவனநாதன் செட்டைச் சுற்றி ஓடிப் போய், கொதிக்கிற பூட்டைப் பிடித்துத் திறந்திருக்கிறார். உள்ளங்கைத் தோல் பூட்டோடு போய்விட்டது. பலர் பிழைத்தார்கள். சொர்ணத்தாயும் இன்னும் நாலு பேரும் கதவடியிலேயே கிடந்தார்கள்.

சப்-ஜெயிலில் அவரை ஒருமுறை பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. டீ டம்ளரை நான்தான் வாயருகே பிடித்தேன்.

“முதலாளி மனசுல இருந்ததத்தான அண்ணாச்சி நான் செஞ்சேன்? கோர்ட்டுல அதச் சொல்லலாமா?”

“சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“என்கிட்ட.”

“அப்ப, முடிவு யாருது?”

கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார். “என்னுதுதான்” என்றார். கோர்ட்டிலும் அதையே சொன்னார், தண்டனை ஆனது. முதலாளி பெயர் வழக்கில் வரவே இல்லை. அன்றைக்குச் சப்-ஜெயிலிலிருந்து நான் கிளம்பும்போது, “நீங்க இல்லன்னா இதத் தாங்கிருக்க மாட்டேன்” என்று அழுதார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை சார். கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய முடிவதில்லை. போர்டைக் கழற்றிவிட்டேன். போன வாரம் முத்துசெல்வி வந்து, “அவிய உங்களத்தான் தெய்வம்னு சொல்லுதாவ, அப்பீலுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று நின்றபோது, அவளை உட்காரச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பூவனநாதனின் அப்பீலுக்காக வந்திருக்கிறீர்கள்; தங்கசாமி அண்ணாச்சி அந்த வாசலைப் பற்றி என்னிடம் பேசினாரா என்று கேட்டீர்கள். பேசினார். அந்தப் புதன்கிழமைக்கு முன்னால், அவர் வீட்டில் வைத்து. “நான் பூட்டச் சொன்னா நாளைக்கு என் தலைக்கு வரும். அவனாப் பூட்டணும். உமக்குத்தான் பேசத் தெரியுமே” என்றார். ஆபத்து என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சரி என்றேன். அந்தக் கேள்விகளை வீட்டிலேயே யோசித்து, வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டுதான் போனேன். சிரிப்பைக் கடைசியில் கேட்பது என்று முடிவு செய்ததும் அங்கேதான். சப்-ஜெயிலுக்கு என்னை அனுப்பியதும் அவர்தான். நான் சந்தோஷமாகத்தான் போனேன், ஏனென்றால் என் பெயரும் வெளியே வராது.

இந்த வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று. இதை நீங்கள் போய்ப் பூவனநாதனிடம் சொல்லிவிடாதீர்கள். என் மேல் உள்ள நம்பிக்கையில்தான் அவர் உள்ளே நாளைத் தள்ளுகிறார், திடீரென்று கேட்டால் ஒடிந்துபோவார். புதன்கிழமை நானே போய், பக்குவமாக அவரிடம் பேசிக்கொள்கிறேன்.