எப்சிபாவின் அசதி

சோம்பலைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தேன்... இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திக்கிறேன். உங்ககிட்ட ஒரு கதை சொல்லணும். சின்னக் கதைதான். ஆனா வாய் திறந்து இதைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆச்சு.

நான் முன்னால போதகரா இருந்த சபையில எப்சிபான்னு ஒரு அம்மா. நாப்பத்தாறு வயசு. ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல். நூத்தியிருபது பிள்ளைங்களுக்கு ஒத்தை ஆளா சோறு வடிச்சு இறக்குவாங்க. வீட்டுக்காரர் தவசிங், தண்ணி லாரி ஓட்டுறவர். குடி கிடையாது, கெட்ட பழக்கம் கிடையாது. நல்ல மனுஷன்.

அந்த அம்மாவுக்கு ஒரு அசதி வந்தது. ஒரே நாள்ல வரல... மெதுவா வந்தது. முதல்ல அரிசி மூட்டையை நகத்துனா மூச்சு வாங்குச்சு. அப்புறம் தண்ணி வாளியைத் தூக்குனா வாங்குச்சு. அப்புறம் தலை சீவுறதுக்குள்ள கை ஓஞ்சு போச்சு. நல்லாத் தூங்கி எந்திரிப்பாங்க. எந்திரிக்கும்போதே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. நாள் பூரா லாரி ஓட்டுற எனக்கு இல்லாத அசதியான்னு அவர் கேட்டார். மருந்துக்கடையில சொன்னாங்க, டானிக் பாட்டில் குடுத்தான். பக்கத்து வீட்டுல கண்ணு பட்டிருக்குன்னாங்க. ஹெட்மாஸ்டர், முடியலைன்னா எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கங்கம்மான்னுட்டார்.

கடைசியா யாருகிட்ட வந்தாங்க தெரியுமா?... என்கிட்ட.

ஒரு ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு வந்து நின்னாங்க. "ஐயா, ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. உடம்புல தெம்பே இல்ல. என்னன்னே தெரியல. ஜெபம் பண்ணுங்க"ன்னாங்க.

நான் என்ன கேட்டிருக்கணும்? டாக்டர்கிட்ட போனியாம்மான்னு கேட்டிருக்கணும். சரி, அதையாவது கேட்டேனா? கேக்கல. நான் என்ன சொன்னேன்னா... "இது சரீர அசதி இல்லம்மா. ஆத்தும அசதி, உள்ளுக்குள்ள இருக்கிற சோம்பல். விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு முழங்கால்ல நில்லுங்க. எல்லாம் போயிரும்."

அந்த அம்மா எந்திரிச்சாங்க. தினமும் நாலு மணிக்கு எந்திரிச்சாங்க. மூணு மாசம். சிமெண்டுத் தரையில முழங்கால் போட்டு, தன் சோம்பலை மன்னிக்கச் சொல்லி அழுதிருக்காங்க... உடம்புல பாதி ரத்தம் கூட இல்லாத ஒரு பொம்பள!

ஒரு நாள் பிள்ளைங்களுக்குப் பூச்சி மாத்திரை குடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்சம்மா வந்தாங்க. பேச்சியம்மாள்னு பேரு. சமையல்கட்டுக்குள்ள தண்ணி கேக்கப் போனவங்க, டம்ளரை நீட்டுன எப்சிபாவோட கையைப் பாத்தாங்க. உள்ளங்கை வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. கண்ணோட கீழ் இமையை இழுத்துப் பாத்தாங்க. அப்புறம் கதவைச் சாத்திட்டு, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்வி.

"அக்கா, மாசா மாசம் எப்படிப் போகுது?"

எப்சிபா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "ரெண்டு வருஷமா ஒழுங்கு இல்ல. பத்து நாள், பதினஞ்சு நாள்னு போகும். நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். யாருகிட்ட சொல்ல?"

யாருகிட்ட சொல்ல?... வீட்டுக்காரர்கிட்ட சொல்லக் கூச்சம். சபை ஐயர், என்கிட்ட சொல்ல முடியுமா? ஒருத்தரும் கேக்கவும் இல்ல.

நர்சம்மா அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரத்தம் பன்னெண்டு இருக்கணும்; நாலரை இருந்தது. எப்படி நடமாடுனீங்கன்னு டாக்டரே கேட்டாராம். ரத்தம் ஏத்துனாங்க. உள்ள சோதிச்சுப் பாத்தாங்க. கர்ப்பப்பை வாயில புத்துநோய். முத்திப் போயிருந்தது. முன்னாலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு தவசிங்கிட்ட சொன்னாங்க. அந்த மனுஷன் ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்து, "எங்கிட்ட சொன்னாளே... சொன்னாளே"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

நான் பாக்கப் போனேன். எந்த முகத்தோட போறது? ஆனாலும் போனேன். கட்டில்ல சின்னப் பிள்ளை மாதிரி சுருங்கிக் கிடந்தாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?

"வியாதின்னு சொன்னப்போ ஒரு பக்கம் நிம்மதியா இருந்துச்சுய்யா. அப்ப நான் சோம்பேறி இல்ல... இல்லையாய்யா?"

அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான்.

பதினாலு மாசம் இருந்தாங்க. கரண்டு வச்சாங்க, அதான் கதிர் சிகிச்சை; ஊசி போட்டாங்க. ஒரு மழைக்காலத்துல போயிட்டாங்க. குழி மேட்டுல நின்னு நான்தான் அடக்கம் பண்ணேன்.

பிரியமானவங்களே, இதை ஏன் இங்க சொல்றேன்? சோம்பேறின்னு பேர் வைக்கிறது சுலபம். எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. காரணம் கேக்கத்தான் பொறுமை வேணும். உங்க வீட்டுல ஒருத்தர் அசதியா இருக்குன்னு ஒரு தடவை சொன்னா, ஓய்வு குடுங்க. திரும்பத் திரும்பச் சொன்னா... புத்தி சொல்லாதீங்க. எத்தனை நாளா இருக்கு, வேற என்ன செய்யுதுன்னு கேளுங்க. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்க. தாய்மார்களே, உங்களுக்கும் சொல்றேன்... வெக்கப்பட்டு மறைக்காதீங்க. ஆண்களே, அவங்க வெக்கப்படாம சொல்ற மாதிரி நீங்க நடந்துக்கங்க.

ஜெபம் பண்ண வேண்டாம்னா சொல்றேன்? பண்ணுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸுல உக்காந்து பண்ணுங்க.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், சாப்பாடு எடுத்து வைக்கிறதுக்கு முன்னால, உங்களுக்குச் சோறு போடுறவங்க முகத்தை ஒரு தடவை பாருங்க. பாத்துட்டுக் கேளுங்க... "உனக்கு உடம்புக்கு என்ன செய்யுது?" கேட்டுட்டு, அவங்க பதில் சொல்ற வரைக்கும் அங்கேயே இருங்க.