அடுக்களை மேடைக்க உயரம்

உள்ள வாங்க டீச்சரே, அங்கயே நின்னா எப்பிடி? செருப்பு கெடக்கட்டும், தறையை நான் தொடச்சுக்கிடுதேன். வழியில ஒரு டெம்போ கெடக்கே, ஸ்கூட்டரு இடிக்காம வந்துதா? நாந்தான் கொண்டு போடச் சொன்னேன். இங்கேந்து கொஞ்சம் சாமான் ஏத்தி விடணும். அது பெறகு சொல்லுதேன். மொதல்ல அடுக்களையைப் பாருங்க. அதுக்குத்தானே கூப்பிட்டது.

இரியுங்க. இல்ல, அவிய இல்ல. அமரவிளைக்கு மீன் வாங்கப் போயிருக்காவ. நீங்க வாறது அவியளுக்குத் தெரியாது, நான் சொல்லல்ல. இப்ப என்னத்துக்கு எழும்புதிய? தனுவச்சபுரத்துல ரெண்டு பேரும் ஒரே டியூஷன் சென்டர்ல இருந்து படிப்பிக்கிய, வீட்டுல வச்சுக் கண்டா எனக்க மாப்பிள்ளை உங்களைக் கடிச்சா தின்னப் போறாவ? இரியுங்க. பலகையில ஏறி நின்னு போட்ட சாயாவாக்கும். குடிக்காம போனா எனக்கு வெசனம்.

ஆமா, பலகைதான். அந்தா மேடைக்குக் கீழ கெடக்குல்லா, பலா மரப் பலகை. சொந்த அடுக்களையில நான் அது மேல ஏறி நின்னுதான் சமைக்கேன். சிரிப்பு வரல்லியா? சர்ச்சுல உள்ளவளுவ எல்லாம் சிரிச்சாளுவ. ஷிஜாக்கா, பிரசங்கம் பண்ணப் போறியளான்னு கேட்டாளுவ. நானும் சேர்ந்து சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய?

நான் குட்டையில்லியா. அது ஊருக்கே தெரியும். மேடையைப் பாருங்க, நெஞ்சுல வந்து முட்டுது. மரச்சீனிக் கெழங்கு வெட்டணும்னா கை ரெண்டும் ஆகாசத்துல நிக்கும். சாயங்காலம் ஆச்சுன்னா தோளு கெடந்து குத்தும். பலகையில நிக்கலாம்னா அடுப்புக்கும் சிங்குக்கும் எடையில எறங்கி ஏறி எறங்கி ஏறி, முட்டு போச்சு. ஆசையா ஆசையாக் கெட்டின அடுக்களையாக்கும் இது. ஆசைப்பட்டதுக்குக் கிட்டிய கூலியைப் பாத்தியளா.

இந்த வீடு எனக்க அப்பா கெட்டினது. ஈசாக்குன்னு சொன்னா பாறசாலையில பழைய ஆளுவளுக்குத் தெரியும். கல்யாணம் கழிஞ்சு அவியதான் இங்க வந்து இருந்தாவ, நான் எங்கயும் போகல்ல. ஓ, அது உங்களுக்குத் தெரியாதா? எனக்க மாப்பிள்ளை வினீத்துக்க வீடுன்னா நெனச்சிய? அப்பிடியா சொன்னாவ? சரி சரி, சொல்லியிருப்பாவ. ஆம்பிளைக்கு ஒரு பெருமை வேண்டாமா.

பழைய அடுக்களை இப்பிடியில்ல. விறகடுப்பு, புகைக்கூடு, செவரெல்லாம் கரி. தேங்காக் கொதும்பும் மடலும் எரிச்சு எரிச்சு, கையை வச்சா கை கறுத்துப் போவும். அந்தச் செவரை நானும் அவியளும் ரெண்டு பேருமாக்கும் சுரண்டுனது. பணிக்காரன் வேண்டாம் ஷிஜா, நாமளே செய்வோம்னு அவிய சொன்னாவ. தலையில தோர்த்தைக் கெட்டிக்கிட்டு, ஆளுக்கொரு சட்டுவத்தை வச்சுக்கிட்டு. இத்தன வருஷத்துல அடுக்களைக்குள்ள காலெடுத்து வைக்காத மனுஷன். கரியில வெரலால எனக்க பேரை எழுதினாவ. நான் அதை அழிக்காம விட்டுட்டு சுத்திச் சுத்திச் சுரண்டுனேன். இதை என்னத்துக்குச் சொல்லுதேன்னா, அந்த ஆளு பொய்யில்ல கேட்டியளா. அந்த நேரத்துல மனசுல உள்ளதைத்தான் எழுதினாவ. அதுதான் எனக்குப் பொறுக்க மாட்டேங்குது. மொதல்ல இருந்தே நாறத்தனம்னா போ சவமேன்னு விட்டிருப்பேன்.

சாயாவுல சீனி போருமா? இந்தா. நீங்க வாட்சை வலது கையிலயா கெட்டுவிய? இல்ல, சும்மா கேட்டேன். எல்லாரும் எடது கையிலதானே கெட்டுவாவ.

அப்பத்தான் எனக்க அம்மைக்குக் கண்ணுல ஆப்பரேஷன். அம்மை ஆனந்தபாய் தம்பிகூட திருவனந்தபுரத்துல இருக்கா. நான் போயி நிக்கணும். பணி நடுவுல கெடக்கே, மேஸ்திரி வரணுமே, எப்பிடிப் போறதுன்னு நான் கெடந்து யோசிக்கேன். அவிய பைய முதுகுல தட்டி, நீ போ மக்கா, மேஸ்திரியை நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாவ. மக்கான்னு சொன்னாவ டீச்சரே. நான் போனேன். அம்மைக்கு மருந்து ஊத்திக்கிட்டு இருக்கும்போதெல்லாம், இப்ப செவரு பூசியிருப்பாவ, இப்ப டைல்ஸ் ஒட்டியிருப்பாவன்னு எனக்க மனசெல்லாம் இங்கதான். தெனமும் போன் பண்ணுவாவ. பணி நல்லா நடக்குன்னுதான் சொல்லுவாவ.

திரும்பி வந்தா மேடையெல்லாம் கெட்டியாச்சு, கிரானைட் கல்லும் போட்டாச்சு, மேஸ்திரியும் போயாச்சு. நான் பையைக்கூட வைக்காம ஓடி வந்து இங்க நின்னேன். பாத்தா கல்லு இங்க நிக்குது, நெஞ்சுல. சிங்கு அந்த மூலையில வேணும்னு சொல்லியிருந்தேன், ஜன்னலுக்குக் கீழ வந்திருக்கு. வெள்ளை டைல்ஸ் சொல்லியிருந்தேன், நீலம் வந்திருக்கு. என்னது இதுன்னு கேட்டா, அளவு தப்பிப் போச்சு, மேஸ்திரிக்கு விவரம் போராதுன்னு சொல்லுதாவ. சொல்லும்போது எனக்க மூஞ்சியைப் பாக்கல்ல. ஜன்னலைப் பாத்துச் சொன்னாவ.

உடைச்சுட்டு கீழ கெட்டிரலாம்னு அவியளேதான் சொன்னாவ. ஆமா டீச்சரே, அன்னைக்கே சொன்னாவ, பெறகு தெனமும் சொன்னாவ. நாந்தான் சம்மதிக்கல்ல. கெடக்கட்டும்னு சொல்லிட்டேன். தெரியாமத்தான் கேக்கேன், ஒரு மேஸ்திரி செய்த தப்புக்கு இந்த மனுஷன் என்னத்துக்கு இப்பிடிக் கெடந்து பதறிப் பரவேசம் எடுக்காவ? எனக்கு அங்கதான் ஒரு இது தட்டிச்சு. அதனால கெடக்கட்டும்னு விட்டேன். அவிய கண்ணு முன்ன நான் தெனமும் பலகையில ஏறணும், எறங்கணும், அம்மாடின்னு கால்முட்டைப் புடிக்கணும். பாக்கட்டும்.

மீன் பொரிக்கதை நிப்பாட்டுனேன். எண்ணெய் மூஞ்சியில தெறிக்குதுன்னு சொல்லிட்டேன். சாளை இல்லாம சோறு எறங்காத ஆளு, கஞ்சியும் பயறும் குடிச்சிட்டு கெடக்காவ. இன்னைக்கு எதுக்கு மீனா? இன்னைக்கு விசேஷமில்லியா. நீங்க வந்திருக்கிய.

இன்னும் கேளுங்க. எங்க சர்ச்சுல பிடியரிசி உண்டு. நீங்களும் கண்டிருப்பிய, உங்க சைடுல உள்ள சர்ச்சுலயும் உண்டுல்லா. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடி ஆண்டவருக்குன்னு டப்பாவுல போட்டு வைக்கதே, அதுதான். இந்த டப்பா வைக்க வேண்டிய தட்டு எங்க வந்திருக்கு பாருங்க. அந்தா, மேல. எனக்குப் பலகையில ஏறினாலும் எட்டாது. அதனால காலத்த எழும்பினதும் அவியதான் எடுத்துத் தரணும். நான் ஒரு பிடி அரிசியைக் கையில வச்சுக்கிட்டு, அவியளைப் பக்கத்துல நிறுத்தி, கண்ணை மூடி சத்தமா ஜெபிப்பேன். ஆண்டவரே, இந்த மேடைக்கு அளவு குடுத்த ஆளை எனக்குக் காட்டித் தாரும். குடுத்த கைக்கு நீரே கூலி குடும். மொத நாளு மேஸ்திரியைத்தான் சொல்லுதேன்னு நெனச்சு ஆமென் சொன்னாவ. பெறகு பெறகு ஆமென் சத்தம் கொறஞ்சு போச்சு. இப்ப டப்பாவை எடுத்துத் தந்துட்டு பல்லு தேய்க்கப் போயிருதாவ.

எனக்கு வெறியாக்கும் டீச்சரே. சிரிச்சுக்கிட்டு சொல்லுதேன்னு நெனச்சிராதிய. ராத்திரி கெடந்தா ஒறக்கம் கெடையாது. கூரையைப் பாத்துக்கிட்டு கெடப்பேன். கோவத்துல பல்லு கடிச்சு கடிச்சு தாடை வலிக்கும்.

ஆண்டவரு காட்டித் தந்தாரு. அந்த மேஸ்திரியைக் கண்டு புடிச்சேன். ராஜன்னு பேரு, செங்கல்ங்கிற ஊருக்காரரு. எங்க வீட்டுல பணி செய்தவருதான், ஆனா நான் இங்க இல்லியே, எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னையும் தெரியாது. உண்ணின்னு ஒரு ஆளு வீட்டுல திண்டு கெட்டிக்கிட்டு நின்னாரு. நான் போயி நல்லா நாலு சொல்லலாம்னுதான் போனேன். பின்னாடி ஒரு சத்தம் கேக்குதுல்லா, இரும்பு ஒரசுகது? அவருதான். உளியைத் தீட்டிக்கிட்டு நிக்காரு. வரச் சொல்லியிருந்தேன். அவரு என்ன சொன்னாருன்னு சொல்லுதேன், அதுக்கு முன்ன ஒரு சின்ன ஒத்தாசை.

இந்த உள்ளியைக் கொஞ்சம் அரிஞ்சு தாருங்க. மீனு வந்தா ஒடனே தாளிக்கணும். உங்க கையி நீளம், எனக்கு அந்தக் கத்தி எட்டாது. ஐய, வெருந்தாளியை வேலை வாங்குதேன்னு நெனைக்காதிய. அங்க, அந்த மேடையில, ஜன்னலுக்கு முன்ன. ஆ, அப்பிடித்தான். நில்லுங்க.

கொள்ளாம், நல்லா இருக்கு. குனியவும் வேண்டாம், கையைத் தூக்கவும் வேண்டாம். எவ்வளவு சொகமா நிக்கிய பாருங்க. நான் இந்த மேடையில யாரும் இப்பிடி நின்னு இதுவரைக்கும் கண்டதில்ல. கையை எடுக்காண்டாம். முழங்கையை மடக்கியே வையுங்க. நான் ஒண்ணு பாக்கட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு வெரலு. சரியா நாலு வெரலு.

என்ன கணக்கா? அதைத்தான் மேஸ்திரி சொன்னாரு. மேடை கெட்டுக முன்ன வீட்டுல சமைக்க பொம்பிளையைச் செவரோட சேர்த்து நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லுவாவளாம். அதுக்குக் கீழ நாலு வெரலு விட்டு பென்சில்ல ஒரு கோடு போடுவாவ. அதாக்கும் மேடைக்க உயரம். ஆளைப் பாக்காம மேடை கெட்டுனா பொம்பிளைக்கு நடு ஒடியும்னு, ராஜன் மேஸ்திரி அப்பிடிக் கெட்டவே மாட்டாராம். நான் போயி, ஏன்வே அளவைத் தப்பாப் போட்டீருன்னு கத்துனேன். அந்த மனுஷன் என்னைக் கீழயும் மேலயும் பாத்துட்டு மலையாளத்துல ஒண்ணு கேட்டாரு. வீட்டுக்காரி தன்னே வந்நு நின்னு தந்ந அளவல்லே, சேச்சி ஆரா?

வீட்டுக்காரியே வந்து நின்னு தந்த அளவுல்லா, சேச்சி யாருன்னு கேட்டாரு. எனக்க அப்பா கெட்டின வீட்டைப் பத்திப் பேசும்போது என்னைப் பாத்துக் கேட்டாரு.

கத்தியைக் கீழ வை பிள்ளே. உள்ளி அரிஞ்சது போரும்.

உயரமா, வலது கையில வாட்சு கெட்டின சேச்சின்னாரு. எனக்கு வேற ஒண்ணும் கேக்க வேண்டியிருக்கல்ல. உங்க சென்டர் ஆண்டு விழாவுல நீதானே எனக்கு அந்தக் கையால சாயா எடுத்துத் தந்த. நீ வீடு பாக்க வந்திருப்ப. வினீத்துதான் கூட்டிட்டு வந்திருப்பான். மேஸ்திரி உன்னைக் கண்டதும் வீட்டுக்காரின்னு நெனச்சு நிக்கச் சொல்லியிருப்பாரு. அவன் வாயைத் தொறக்க முடியாம முழிச்சிருப்பான். வேற என்ன சொல்லுவான், இவ எனக்க பொஞ்சாதி இல்லன்னா? அவன் முழிச்சதை நான் மன்னிச்சாலும் மன்னிப்பேன். ஆனா நீ நின்னியே. அய்யோ நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ செவரோட சேர்ந்து நின்னு முழங்கையை மடக்கிக் குடுத்த. சிங்கு ஜன்னலுக்குக் கீழ வேணும்னு சொன்ன. நீல டைல்ஸ் போதும்னு சொன்ன. எனக்க பேரு எழுதின செவரு பிள்ளே அது.

அழாண்டாம். தெரியாதுன்னு சொல்லாண்டாம். பலகையில நின்னு நான் அழுதது எல்லாம் இந்தக் கல்லுல கெடக்கு, உனக்கது தேவையில்ல.

எனக்கு உன்னை அடிக்கவும் வேண்டாம், சர்ச்சுல சொல்லி நாறடிக்கவும் வேண்டாம். அதைவிட நல்லதா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். வீடு எனக்க பேர்ல உள்ளது, அது உனக்கு வராது. ஆனா மேடை உனக்க அளவுல கெட்டினது. அது எனக்கு எதுக்கு? கல்லு ஒடையாம முழுசா எளக்கி எடுக்க முடியுமான்னு மேஸ்திரிட்ட கேட்டேன், முடியும்னாரு. வழியில கெடக்க டெம்போ அதுக்காக்கும். கல்லு ஏறும், சிங்கு ஏறும், அந்தத் தட்டும் ஏறும். பலகையை மட்டும் நான் வச்சுக்கிடுதேன். அவனுக்க துணியெல்லாம் காலத்தயே ரெண்டு பெட்டியில மடிச்சு வச்சாச்சு, அதுவும் ஏறும். எல்லாம் உனக்க வீட்டு வாசல்ல எறக்கிருவாவ. அவனுக்குச் சாளை பொரிச்சுக் குடு. எண்ணெய் உனக்க மூஞ்சியில தெறிக்காது.

ஆ, பைக்கு சத்தம் கேக்குதா? மீனு வந்தாச்சு. நீ அங்கேந்து அசையாத, அப்பிடியே நில்லு, முழங்கையை மடக்கு. அவன் உள்ள வரும்போது மேடைக்கு முன்ன உன்னை நல்லாப் பாக்கட்டும்.

மேஸ்திரி, உளியை எடுத்துக்கிட்டு உள்ள வாரும். வீட்டுக்காரி வந்தாச்சு.