மூன்றாவது நிமிடம்

அதிகாலை மூன்று மணி இருபது நிமிடம். விடுதியிலிருந்து வார்டுக்குப் போகும் சாலை பிணவறையைச் சுற்றிக்கொண்டு போகும். இருப்பது ஒரே ஒரு விளக்கு... அதுவும் விட்டுவிட்டு எரிகிறது. அந்தச் சாலையில் தனியாக நடந்து போனது என் நண்பனின் அக்கா. பேயாவது பிசாசாவது என்பவர். ஆனால் கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். எங்களுக்கு அவர் 'பூட்டக்கா'. சிரித்துக்கொள்ளுங்கள், இப்போதே சிரித்துவிடுங்கள்.

அக்கா அப்போது பயிற்சி டாக்டர். மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று காலை ஒன்பதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எமர்ஜென்சிக்கு வா என்று பேராசிரியர் ஒற்றைக் காலில் நின்றார். அங்கே பாதி நேரம் என்ன நோய் என்றே தெரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அது வேப்பங்காய். 'தெரியலை' என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. அதனால் திசுக்களைச் சோதிக்கும் பெத்தாலஜிதான் என்று முடிவு செய்திருந்தார். நுண்ணோக்கியில் இருப்பது இருக்கும், இல்லாதது இல்லை.

வார்டில் ஒரு பெரியவர் போய்விட்டார் என்று போன் வந்திருந்தது. மரணத்தை உறுதி செய்ய ஒரு விதி உண்டு. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஐந்து நிமிடம் கேட்க வேண்டும்.

வார்டில் பினாயில் வாடை. எங்கோ குழாய் சொட்டுகிறது. பக்கத்தில் நர்ஸ் மட்டும்.

ஒரு நிமிடம்... ஒன்றுமில்லை. இரண்டு... ஒன்றுமில்லை.

மூன்றாவது நிமிடம்... லப்.

ஒரே ஒரு தடவை. அக்கா ஸ்டெதஸ்கோப்பை இன்னும் அழுத்திப் பிடித்தார். பெரியவரின் நெஞ்சா, தன் காதா? பொறுத்திருந்து கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் தெரியாமல் நிற்க அவரால் முடியவில்லை. காதிலிருந்து கழற்றிவிட்டார்.

"டாக்டர், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே?"

"போதும். இறந்துட்டார். மூணு நாற்பதுன்னு எழுதிக்கோங்க."

எழுத்து வேலை முடிந்து நாலரைக்கு அதே சாலையில் விடுதிக்குத் திரும்பினார். உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விளக்கு அணைந்தது. அந்த அமைதியில்... லப்.

பின்னால் யாருமில்லை. ஸ்டெதஸ்கோப்பைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். பயத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது அவருடையது. அதற்கு நடுவே, இடைவெளி விட்டு, மெதுவாக இன்னொன்று.

பிணவறைக்கு ஓடினார். காவலாளியை எழுப்பி, இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். இந்தத் தடவை முழு ஐந்து நிமிடம் கேட்டார். ஒன்றுமில்லை. உடல் சில்லிட்டிருந்தது. ஆனால் வார்டில் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்த பெரியவரின் வலது கை... இப்போது நெஞ்சின்மேல் இருந்தது. அக்கா ஸ்டெதஸ்கோப் வைத்த அதே இடத்தில்.

காலையில் பெத்தாலஜி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதினாலு வருடம் ஆகிறது. அந்த இன்னொரு சத்தம் மட்டும் அவரை விடவில்லை. நண்பனே ஒருமுறை ஸ்டெதஸ்கோப்பை அக்காவின் நெஞ்சில் வைத்துக் கேட்டிருக்கிறான். "ரெண்டு இருக்குடா" என்றான் என்னிடம்.

போன வாரம் அக்கா அவனுக்கு போன் செய்தாராம்.

"தம்பி, ஒரு சத்தம் நின்னுடுச்சுடா. இப்ப ஒண்ணுதான் கேட்குது."

"நல்லதுதானேக்கா! எது நின்னுது?"



"தெரியலைடா... ஆனா மிச்சம் இருக்கிறது ரொம்ப மெதுவா அடிக்குது."