கடைசித் துண்டு

காகிதம் கேட்டதும் கொடுத்தீர்கள், நின்றுகொண்டு எழுதவும் விட்டீர்கள். ரொம்ப நன்றி, சார். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும், பிறகு மேசையும் சேர்ந்து ஆடும். நான் இடக்கைக்காரன், மை கொஞ்சம் இழுபட்டிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உணவகத்துக்கு நீங்கள் இப்போதுதான் முதல்முறையாக வந்தீர்கள், அதுவும் செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு. அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஊரிலிருந்து ஒரு பகலும் ஒரு இரவும் பஸ்ஸில் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், குளியலறை டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில், பச்சை மீனைச் சோற்றின்மேல் வைத்து விற்கப்போகிறோம் என்றபோது ஊரே சிரித்தது. டைல்ஸ் கடைக்காரர் மாடிக்கே வந்து, "அடுப்பு வாங்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரே வருடத்தில் அவரே இடம் கிடைக்குமா என்று ஆள் அனுப்பினார். மொத்தம் எட்டு நாற்காலிதான். எட்டுப் பேரும் மேடையைப் பார்த்து வரிசையாக உட்கார வேண்டும். மாஸ்டர் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து ஒவ்வொருவர் முன்னும் வைப்பார். என்ன கிடைக்கும் என்பது அவர் இஷ்டம். கேள்வி கேட்க முடியாது.

மாஸ்டர் என்னைவிட நாலு வயது சின்னவர். ஜப்பானில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். நான் அதற்குமுன் ஒரு ஹோட்டலில் பதினேழு வருடம் காலை ஆம்லெட் போட்டவன். சேர்ந்த அன்றே என் இடக்கையைப் பார்த்தார். "இங்க கத்தி எல்லாம் ஒரு பக்கம்தான் தீட்டியிருக்கும். வலது கைக்குத்தான். அந்தக் கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்குங்க," என்றார். வைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வயதில் வலக்கையால் வெட்டப் படித்தேன்.

என் வேலை முட்டை. கடைசித் துண்டு முட்டைதான். கேக் போலக் கனமாக, லேசான இனிப்போடு இருக்கும். இறாலை மாவு போல மைய அரைத்து முட்டையில் கலந்து, சின்னத் தீயில் ஒன்றேகால் மணி நேரம் வேகவிட வேண்டும். பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத நான் அந்த ஒன்றேகால் மணி நேரம் மட்டும் அசையாமல் நின்றிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இறால் போட்டிருப்பது கண்ணுக்கும் தெரியாது, வாய்க்கும் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் வெறும் ஆம்லெட். தினமும் காலையில் மாஸ்டர் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். "நாளைக்குப் பார்க்கலாம்," என்பார். இப்படி நாலு வருடம். விருந்தாளி முன்னால் அதைக் கொண்டுபோய் வைப்பது மாஸ்டரின் கைதான், என் கை இல்லை.

இறால் ஆகாது என்று சொல்லிவிட்டு வருபவர்களுக்குத் தனி முட்டை போட வேண்டும். தனிச் சட்டி, தனிக் கிண்ணம், தனிக் கரண்டி. மாஸ்டர் இதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒருநாள் அப்படித் தனி முட்டை வாங்கிய ஒரு மனிதர், மனைவியின் தட்டிலிருந்த இறாலை எடுத்து ரசித்துச் சாப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டேன். "அலர்ஜி எல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அப்படிச் சொன்னாத்தான் நம்மளைக் கொஞ்சம் கவனிப்பாங்க," என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறேன். அடுத்து ஆகாது என்று வந்தவருக்கு நான் தனிச் சட்டியை எடுக்கவில்லை. எல்லோருக்கும் போட்ட முட்டையையே அவருக்கும் வெட்டி அனுப்பினேன். வெட்டி வைத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மாஸ்டருக்கும் தெரியவில்லை. அவர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அடுத்தவரும் போனார். இப்படிப் பதினோரு பேர். ஒன்பதாவதாக வந்த பல் டாக்டர் அம்மா மட்டும் கழுத்தைச் சொறிந்துகொண்டே எழுந்து போனார். அது வெயில் காலம். இந்தப் பதினோரு பேர் விஷயம் உங்களுக்குத் தெரியாது, நானாகத்தான் சொல்கிறேன். யாரையும் துன்புறுத்தும் எண்ணம் எனக்குக் கிடையாது. மனிதர்கள் உண்மை பேசுகிறார்களா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது ஆள் என் அண்ணன்.

இங்கே எழுந்து நடக்க வேண்டும் போலிருக்கிறது. நான் எழுந்துதான் இருக்கிறேன். சுவரிலிருந்து ஜன்னலுக்கு ஏழு அடி. போய்விட்டு வந்தேன்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல மனிதன். அவன் மாணவர்களைக் கேட்டால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். சின்ன வயதில் அவனுக்கு இறால் ஆகாது என்றார்கள். அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் இறால் வாங்கவில்லை. அம்மா பழைய வாணலியைக்கூடத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். எனக்கு இறால் என்றால் உயிர். நான் ஒருமுறை கேட்டதற்கு, "உங்கண்ணனைவிட உனக்கு நாக்கு பெரிசாப் போச்சா?" என்றாள். அம்மாவைக் குறை சொல்லவில்லை. எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். நான் சொல்ல வந்தது, வீடு முழுவதும் அவன் பக்கம் திரும்பியே இருந்தது என்பதைத்தான்.

அன்று காலை மாஸ்டர் முட்டையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மெதுவாக மென்றார். "இன்னைக்கு நீங்களே வைங்க," என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று மதியம் அண்ணன் வருவதாக இருந்தது. இடம் பிடிக்க போன் செய்தபோதே, "எனக்கு இறால் ஆகாது. தம்பிக்குத் தெரியும்," என்று அவன் சொல்லியிருக்கிறான். போன் எடுக்கும் பெண் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். நீங்களும் பார்த்தீர்கள்.

அண்ணனும் அண்ணியும் ஐந்தாவது ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான். பக்கத்தில் இருந்தவரிடம், அவர் கேட்காமலே, "அதோ நிக்கிறான் பாருங்க, என் தம்பி. கடைசியில ஒரு முட்டை வருமாம், அதுக்கு நாலு வருஷம் உழைச்சிருக்கான்," என்றான். எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

மாஸ்டர் முதல் துண்டை வைத்தார். எப்போதும் வலக்கைக்கு வசமாகச் சாய்த்துத்தான் வைப்பார். அண்ணனும் என்னைப்போல இடக்கைக்காரன், இடக்கையால் எடுத்தான். மாஸ்டர் அதைப் பார்த்தார். இரண்டாவது துண்டைத் திருப்பி, இடக்கைக்கு வசமாக வைத்தார். அதற்குப்பிறகு வந்த பதினான்கு துண்டுகளையும் அப்படித்தான் வைத்தார். அண்ணன் இதைக் கவனிக்கவே இல்லை. அவனுக்காக எல்லாம் திரும்புவது அவனுக்குப் புதிதா என்ன? நான் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அந்தத் துண்டைத் திருப்பி வைத்ததைப் பார்த்து மனம் கசந்து, தனி முட்டை தயாராக இருந்தும் அதை விட்டுவிட்டு மற்றதை வெட்டினேன் என்று. நீங்களும் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள். ராத்திரி முழுக்க அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

தனி முட்டை என்று ஒன்று அன்று இல்லை. அந்தச் சின்னச் சட்டி ஆணியில் காய்ந்து தொங்குவதை உங்கள் ஆளே படம் எடுத்தார். பை விஷயமும் முன்னாலேயே நடந்ததுதான். அண்ணியின் கைப்பையை வாசலிலேயே நான்தான் வாங்கினேன். "உள்ள அவரோட ஊசி இருக்கு தம்பி, பத்திரம்," என்றாள். மூச்சு அடைத்தால் தொடையில் போட்டுக்கொள்ளும் ஊசி. விருந்தாளிகளின் பைகளை வைக்க எட்டுக் கதவு போட்ட அலமாரி இருக்கிறது. நான் அதில் வைக்கவில்லை. சமையலறையில் வினிகர் டின்களுக்குப் பின்னால் வைத்தேன். அப்போது அண்ணன் இன்னும் நாற்காலியில் உட்காரவே இல்லை. மாஸ்டர் எதையும் எந்தப் பக்கமும் திருப்பியிருக்கவில்லை.

சோதனை என்று சொன்னதும் சரியில்லை. தெரியாததைத்தான் சோதிக்க முடியும். எனக்கு ஆறு வயது, அவனுக்கு ஒன்பது. அவன் முகம் வீங்கி, உதடு நீலமாகி, வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தார்கள்.

முட்டையை நானே கொண்டுபோய் வைத்தேன். இடக்கையால், இடக்கைக்கு வசமாக. அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"இதுல இறால் கிறால் இல்லையேடா?"

"நான் செஞ்சதுண்ணே," என்றேன்.

"அப்ப சரி."

இல்லை என்று நான் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

சில நிமிடங்களில் அவன் காலரைத் தளர்த்தினான். அண்ணிதான் முதலில் புரிந்துகொண்டாள். "தம்பி, பை! பை எங்க?" என்று கேட்டாள். "இதோ அண்ணி," என்று சொல்லிவிட்டு அலமாரிக்கு ஓடினேன். ஓடினேன் என்று எல்லோரும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், அது உண்மை. முதல் கதவைத் திறந்தேன். பிறகு இரண்டாவது. எட்டுக் கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, ஒவ்வொன்றாகச் சாத்தினேன். பிறகு மறுபடியும் முதல் கதவிலிருந்து ஆரம்பித்தேன். பை அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணனைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. மாஸ்டரை விட்டுவிடுங்கள்.

அண்ணியிடம் நீங்கள் வாங்கிய வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. முட்டையை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று விழுங்கிவிட்டு, அண்ணன் என்னைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குடா," என்றான். மற்ற ஏழு பேர் முன்னால் சொன்னான். மாஸ்டரும் கேட்டார். அது எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் காகிதம் கேட்டேன்.